வெற்றுக் குழாயில் ஒரு வண்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். "வண்டுக் காலை ஒடிக்கிற வேலை" என்றாள். வீக்கத்தில் வார்த்தை குழறுகிறது என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே அதுதான் வேலை.

கதை கிடைத்தாயிற்று, தொடங்குவதுதான் பெரும்பாடு. முதல் முயற்சி இது:

அந்த ஆய்வுக்கூடத்தில் எப்போதும் ஒரு குளிர்

[வேண்டாம். எல்லா ஆய்வுக்கூடமும் குளிராகத்தான் இருக்கும். இதற்கு ஒரு எழுத்தாளன் எதற்கு?]

இரண்டாவது:

உலகில் எத்தனை வகை வண்டுகள் இருக்கின்றன என்று இதுவரை யாராலும்

[கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.]

மூன்றாவது: அன்று காலை காலொடிச்சி பதினோரு கால்களை ஒடித்தாள்.

இது இருக்கட்டும். கதையில் அவளை 'அவள்' என்றுதான் சொல்லப்போகிறேன். நேரில் 'நீங்க' தவிர வேறு வராது. அவ்வளவு மரியாதைக்குரியவர்.

2

அன்று காலை காலொடிச்சி பதினோரு கால்களை ஒடித்தாள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கூட வேலை பார்ப்பவர்கள் ஆசையாக வைத்த பட்டம், அவளே கோப்பையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், முனை வளையாத அதே இடுக்கி.

வேலை இதுதான். ஒரு காட்டில் குழி வெட்டி, குழிக்குள் கிண்ணம் வைத்து, விழுகிற வண்டுகளைப் பிடித்து வருகிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்று போலக் கறுப்பாக, உளுந்தளவில் இருக்கும். கண்ணை நம்பிப் பெயர் சொன்னால் ஏமாந்துபோவோம். அதனால் ஒவ்வொரு வண்டிலும் ஒரே ஒரு காலை, வலது பக்கத்து நடுக்காலை எடுத்து, அதிலிருக்கும் டி.என்.ஏ.வில் ஒரு சின்னத் துண்டை மட்டும் படிப்பாள். அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்துகள். கடைச் சாமானில் அச்சடித்திருக்கும் பார்கோடு மாதிரி, அந்த எழுத்து வரிசையைப் பட்டியலில் தேடினால் இன்ன வண்டு என்று தெரிந்துவிடும். அரிய வண்டு என்றால் அந்தக் காட்டில் யாரும் கை வைக்க முடியாது. சாதா வண்டு என்றால் வைக்கலாம். ஒரு காடு நிற்பதும் போவதும் சில சமயம் ஒரு காலில் இருக்கிறது.

பதினோரு காலுக்குப் பதினோரு குழாய். பன்னிரண்டாவது குழாயில் காலே போட மாட்டாள். மற்றதில் ஊற்றும் அதே மருந்து, அதே நீர், வேறொன்றும் இல்லை. அதற்கு வெற்றுக் குழாய் என்று பெயர். மருந்திலோ கையிலோ ஏதாவது ஒட்டியிருந்தால் வெற்றுக் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். அது காலியாக வந்தால்தான் மற்ற பதினொன்றையும் நம்பலாம்.

(கடைசி இரண்டு வாக்கியங்களை அவள் வாயிலிருந்து அப்படியே எடுத்தேன். மீதியில் என் சரக்கும் கலந்திருக்கிறது.)

அன்றைய வண்டுகள் சரளைக் காட்டிலிருந்து வந்தவை. அந்தக் காட்டுக்கு அடியில் நல்ல சரளைக்கல் இருக்கிறது, தோண்ட ஒரு நிறுவனம் மனு போட்டிருக்கிறது. விசாரணைக் கூட்டம் வியாழக்கிழமை நான்கு மணிக்கு. வண்டு பிடித்து அனுப்பியவன் அவளுடைய தம்பி. காட்டோரத்தில் தகரக் கூரை போட்ட அறையில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. "எனக்குப் பொண்ணு குடுக்கிறவன் முதல்ல இந்தக் குழியில விழுந்து பாக்கட்டும்" என்பான்.

"அக்கா, இந்தத் தடவை ஏதாவது வருமா?" என்று போனில் கேட்டான்.

"வர்றது வரும்டா. நான் என்ன, உள்ள உக்காந்து உண்டாக்கவா முடியும்?"

"உண்டாக்கினா நல்லாத்தான் இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

3

திங்கட்கிழமை முடிவு வந்தது. பதினோரு வண்டும் சாதா வண்டு. தோட்டத்தில், குப்பைமேட்டில், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிற ரகம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பன்னிரண்டாவது வரியைப் பார்த்தாள்.

வெற்றுக் குழாயில் ஒரு வண்டு இருந்தது.

அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்துகள், ஒன்றுகூட மங்கலில்லை. பட்டியலில் தேடினாள். பொருத்தம் இல்லை. உலகத்தில் இதுவரை யாரும் படிக்காத வண்டு, யாரும் கால் போடாத குழாயிலிருந்து வந்திருக்கிறது.

பத்தொன்பது வருடத்தில் வெற்றுக் குழாய் அழுக்காக வந்தது இரண்டு முறை. ஒரு முறை அவளுடைய தும்மல், இன்னொரு முறை பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்ட கோழி. இரண்டுக்கும் ஊர் பேர் இருந்தது. இதற்கு இல்லை.

புது மருந்து உடைத்தாள். புது நீர். மேசையைத் துடைத்து, கையுறையை மூன்று முறை மாற்றி, மறுபடி பன்னிரண்டு குழாய். இந்த முறை ஒவ்வொரு குழாயையும் மூடும்போது எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். புதன்கிழமை முடிவு வந்தது. பதினோரு சாதா வண்டு. பன்னிரண்டில் அதே எழுத்துகள்.

(கூட்டம் இந்த வியாழன் இல்லை, அதற்கடுத்த வாரம். தேதிக் கணக்குப் பார்க்கிற வாசகர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்காக.)

லேப் தலைவரிடம் போனாள். தங்கமான மனிதர், ஆனால் பேய் பிசாசு என்றால் விளக்கைப் போட்டுப் பார்க்கிற ஆள். "வாங்க, என் கண்ணு முன்னாடி செய்ங்க" என்றார். வெள்ளிக்கிழமை முழுக்க முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றார். அந்த முடிவில் வெற்றுக் குழாய் காலி. சுத்தமாகக் காலி.

"பாத்தீங்களா? கைப்பிழைதான். கிளம்பி நல்லாத் தூங்குங்க. அறிக்கையில இதைப் பத்திப் பேச வேணாம்."

"சரி சார்" என்றாள். அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. இருந்தபோது பயமாக இருந்தது, இல்லாதபோது தாங்க முடியவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள்.

4

இப்போது ஒரு பூட்டிய இழுப்பறை வருகிறது. பேய்க்கதையில் இழுப்பறை என்றால் வாசகர் கொட்டாவி விடுவார் என்று தெரியும். என்ன செய்ய, அந்த இழுப்பறை அங்கே இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் தொட்டிக் காடு என்று ஒன்று இருந்தது. பழைய நீர்த்தொட்டியைச் சுற்றி, நடந்தால் அரை மணியில் முடிந்துவிடுகிற சின்னக் காடு. தம்பி அங்கேயும் குழி வெட்டினான். ஒன்பது வண்டு அனுப்பினான். எட்டுக்கு முடிவு வந்தது, எல்லாம் சாதா. ஏழாம் நம்பர் வண்டுக்கு மட்டும் முடிவே வரவில்லை. அப்படி ஆவதுண்டு, கால் ஈரத்தில் கெட்டுப்போனால் படிக்க முடியாது. இன்னொரு கால் எடுத்து மறுபடி செய்ய இரண்டு நாளாவது வேண்டும். அடுத்த நாள் கூட்டம். அறிக்கை போயிற்று, காடும் போயிற்று. இப்போது அங்கே நான்கு கிடங்குகள் நிற்கின்றன.

அந்த ஒன்பது வண்டும் ஊசியில் குத்தி, ஊசிக்குக் கீழே ஊர், தேதி, பிடித்தவர் எழுதிய துண்டுச்சீட்டோடு, அந்த இழுப்பறையில் இருந்தன. மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. அவள் சாவியைத் தேடி எடுத்தாள். ஏழாம் நம்பருக்கு ஐந்து கால். இடுக்கியைத் தீயில் காட்டி, இன்னொரு காலை எடுத்தாள். ஏன் அதைப் போய் எடுத்தாள் என்று கேட்டேன். "தெரியல சார். கை அங்க போச்சு" என்றாள்.

ஏழாம் நம்பரின் முடிவும் வெற்றுக் குழாயின் முடிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

சரளைக் காட்டு வண்டுகளுக்கு நடுவில், ஒன்றும் இல்லாத குழாயில் இரண்டு முறை வந்து உட்கார்ந்தது, இல்லாமல் போன காட்டின் வண்டு.

5

(இந்தப் பகுதியை வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். அவளிடமிருந்து கற்றுக்கொண்டது. ஒன்றும் போடாத பகுதி ஒன்று இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். இதற்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது.)

இலைக்கு அடியில் ஈரமாக இருக்கிறது. மேலே சத்தம் கிட்டே வருகிறது. நாங்கள் இன்னும்

6

மேலே ஐந்தாம் பகுதியில் இருக்கிற வரிகளை நான் எழுதவில்லை.

விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள், நானும் அந்த மாதிரி ஆள்தான். ஆனால் இல்லை. நான்காம் பகுதி முடித்து, ஐந்தில் அடைப்புக்குறி போட்டு, தேநீர் வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இருக்கிறது. அழித்தேன். ஆறாம் பகுதியைத் தொடங்கும்போது மறுபடி இருந்தது. தம்பி காட்டில் எழுதி வைக்கிற குறிப்பேட்டை அவள் கொடுத்தாள், அதை நான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், அதிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கைப்பிழை. குறிப்பேடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். 'நாங்கள்' என்ற சொல்லே அதில் இல்லை. இனி அழிக்கப்போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

கதைக்கு வருவோம். தம்பி நேரே லேபுக்கே வந்துவிட்டான், காலில் சேற்றோடு. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இழுப்பறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஏழாம் நம்பரைப் பார்த்தான்.

"அப்பவே சொன்னேனேக்கா, இது வேற மாதிரி இருக்குன்னு."

"சொன்னடா."

"சரளைக் காட்டுல பிடிச்ச பதினொண்ணும் குப்பைங்கற. அப்ப வியாழக்கிழமையோட இதுவும் போச்சு."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். வரும் வழியிலேயே எழுதிவிட்டான் போல. அதே கையெழுத்து, அதே மை. ஊர் மட்டும் சரளைக் காடு, தேதி போன மாதம்.

"இதை அந்த ஊசியில மாட்டு. ஒரு சீட்டுதான்கா. வண்டு நெசம், காலு நெசம், டி.என்.ஏ. நெசம். எடம் மட்டும்தான்..."

"எடம்தான்டா எல்லாமே."

"தொட்டிக் காடு போயிடுச்சு. அதுக்கு இனி எடம்னு ஒண்ணு இல்ல. இங்க வந்து இருந்துட்டுப் போகட்டுமே! அதுவாத்தானே உன் குழாய்க்குள்ள வந்துச்சு? யார் கூப்பிட்டா?"

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பொய்யைச் சொல்லச் சொல்கிறான் என்று கோபப்பட வேண்டியவள், அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று பயந்தாள். அவன் போகும்போது கதவருகே நின்று, "நான் அந்த அறையை விட்டு எங்கக்கா போவேன்?" என்று கேட்டான்.

7

இந்த இடத்தில் எனக்கு அவள்மீது சந்தேகம் வந்தது. இவ்வளவு நேர்மையான ஆளை யார் நம்புவார்கள்? அவளுக்கு ஏதாவது ஒரு குற்றம் வேண்டும் என்று தேடினேன், கதைக்கு உப்பு வேண்டாமா? பிறகு அவளே ஒன்றைக் கொடுத்தாள்.

"நான்தான் சார் அந்தக் காட்டைக் கொன்னது. ஏழாம் நம்பருக்கு முடிவு வரலைன்னு அறிக்கையில ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதினதா ஞாபகம். ஆனா கையெழுத்துப் போட்ட பிரதியில இல்ல. அவசரத்துல மறந்திருக்கேன். அந்த ஒரு வரி இருந்திருந்தா ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பாங்க."

நான் "ம்" என்றேன்.

சரி. பல் டாக்டர் என்பது பொய். அவளுக்குப் பல்லெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

என் பிழைப்பு அறிக்கைகளைத் திருத்துவது. விஞ்ஞானிகள் எழுதுகிற தமிழைக் கூட்டத்தில் படிக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். பதினாறு வருடமாக அவளுடைய லேபின் அறிக்கை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகிறது. தொட்டிக் காட்டு அறிக்கையும் வந்தது. சுருக்கம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது விதி. அடங்கவில்லை. ஒரே ஒரு வரி இரண்டாம் பக்கத்தின் தலையில் தனியாகத் தொங்கியது. அசிங்கமாக இருந்தது.

'ஏழாம் மாதிரிக்கு முடிவு கிடைக்கவில்லை. மறுபடி சோதிக்காமல் இந்தக் காட்டைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.'

எட்டுக்கு முடிவு வந்திருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். வெட்டினேன். பக்கம் கச்சிதமாக அடங்கியது. நன்றாகத் திருத்தியிருக்கிறீர்கள் என்று லேப் தலைவர் பாராட்டிக்கூட எழுதினார். அவள் என்மேல் இருந்த நம்பிக்கையில், மறுபடி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய பழைய கணினி செத்துப்போய்விட்டது. அவள் அனுப்பிய மூலப் பிரதி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று வருடமாக அதை நான் திறக்கவில்லை. நேற்று ராத்திரி திறந்தேன். அந்த வரி இருக்கிறது, வெட்டாமல், முழுசாக.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவள் சீட்டை மாற்றுகிறாள். காடு நிற்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து அந்த வண்டைத் தேடுகிறார்கள். கிடைக்காது. தம்பி வருடம் முழுக்க அவர்களோடு குழி வெட்டுகிறான், தானே எழுதிய பொய்யைத் தேடி. ஒவ்வொரு முறை அவள் குழாய்களை அடுக்கும்போதும் பன்னிரண்டாவதை மட்டும் பார்க்காமல்

[இது பொறுக்கவில்லை. மேலே போக முடியவில்லை.]

இரண்டு. அவள் உண்மையை எழுதுகிறாள். பதினோரு சாதா வண்டு. வியாழன் மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடுகிறது. தம்பி தகரத்தைக் கழற்றுகிறான்.

மூன்று. கூட்டத்துக்கு முந்தின நாள் தம்பி உயிரோடு ஒரு வண்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான், அதே இனம்! எழுதி முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். காடு அப்படியெல்லாம் கைகொடுக்காது. எழுத்தாளன் மானம் போனதுதான் மிச்சம்.

மூன்றையும் எழுதிய பிறகுதான் ஒன்று உறைத்தது. எல்லா முடிவிலும் அவள் தலையில்தான் பாரத்தை ஏற்றியிருக்கிறேன். நான் பேனாவோடு ஓரமாக நிற்கிறேன்.

நான்காவது முடிவு ஒன்று உண்டு. விசாரணைக் கூட்டத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு விதி, நான் திருத்திக் கொடுத்ததுதான். ஒப்புக்கொள்ளப்பட்ட அறிக்கையிலிருந்து ஒரு முடிவு நீக்கப்பட்டது தெரியவந்தால், நீக்கியவர் தொட்ட அறிக்கைகள் எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். அது முடியும்வரை அந்த அறிக்கைகள் பேசுகிற எந்த நிலத்திலும் எந்திரம் இறங்கக் கூடாது. சரளைக் காட்டு அறிக்கையும் நான் தொட்டதுதான். பதினாறு வருட அறிக்கைகளைச் சோதிக்க இரண்டு வருடமாவது ஆகும், அதுவரை காடு நிற்கும். அதற்குள் நூறு குழி வெட்டிப் பார்க்கலாம். யாரும் பொய் சொல்ல வேண்டாம்.

அதன்பிறகு எனக்கு யாரும் ஒரு வரிகூடத் திருத்தக் கொடுக்க மாட்டார்கள். அது பரவாயில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடமாகத் தான்தான் அந்தக் காட்டைக் கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்க வேண்டும்.

9

இன்று வியாழக்கிழமை. மணி இரண்டே முக்கால். அவள் என் அறையில், எனக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இதை அவள் இருக்கும்போதே தட்டச்சு செய்கிறேன், அறிக்கையைத் திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஏழாம் நம்பர், நான்கு காலோடு. ஊசியில் சீட்டு இல்லை. இரண்டு சீட்டும் பக்கத்தில் கிடக்கின்றன. அறிக்கையில் ஒரு இடத்தில் அவள் கோடு போட்டு விட்டிருக்கிறாள்: 'இந்த வண்டு ________ காட்டில் பிடிக்கப்பட்டது.'

"என்னால முடியல சார்" என்றாள் வந்தவுடன். "ரெண்டு நாளா சீட்டை மாட்டறதும் எடுக்கறதுமா இருக்கேன். தம்பி பொய் சொல்லுங்கறான். தலைவர் வாயை மூடிக்கிட்டிருங்கறாரு. நீங்க எத்தனையோ அறிக்கை பாத்தவரு. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை அந்தக் கோட்டுல போட்டுடுங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட்டுடறேன்."

"படிக்காமயா?"

"உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?"

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். ஜன்னல் மூடியிருக்கிறது. அறையில் ஈர இலை வாசம் அடிக்கிறது, அவளும் மூக்கை உறிஞ்சிச் சுற்றிப் பார்க்கிறாள்.

அந்த மூலப் பிரதி என் திரையில் திறந்திருக்கிறது. திரை என் பக்கம் பார்த்து நிற்கிறது. அவள் பக்கம் திருப்ப ஒரு விரல் போதும். நான் மூன்று வருடமாகத் திருப்பாதவன், என்னை நம்பி இந்தக் கதையை என்னிடம் விடாதீர்கள். திருப்பச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூடி கழற்றிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன சார், போட்டுட்டீங்களா?" என்று கேட்கிறாள்.